கழுத்து நெறிக்கட்டியும் மழைக்கால மண்ணும்: மெலியாய்டோசிஸ் நோயைக் கண்டறிதலும் குணப்படுத்தலும்

தொண்டி முதல் மூக்கையூர் வரை நீளும் இராமநாதபுரம் கடற்கரையில், ஒருவருக்குக் கழுத்தில் நெறி கட்டி, அது வாரக்கணக்கில் கரையாமல் நின்று, பிறகு இளகிச் சீழ் கோத்துக்கொண்டால், வீட்டாரும் மருத்துவரும் முதலில் நினைப்பது காசநோயைத்தான். பாட்டி தலைமுறையினர் கண்டமாலை என்று சொல்லி அஞ்சியதும் பெரும்பாலும் இதே நோயைத்தான். அந்த நினைப்பில் தவறில்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். நுரையீரலுக்கு வெளியே அந்நோய் தாக்கும் இடங்களில் கழுத்தின் நிணநீர்க் கணுக்கள் முன்னிலையில் நிற்கின்றன. ஆயினும் அதே கழுத்தில், ஏறக்குறைய அதே தோற்றத்துடன், வேறொரு பாக்டீரியாவும் சீழ்க்கட்டியை உண்டாக்கக்கூடும். அது உண்டாக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். காசநோய்க்கு வழக்கமாகத் தரப்படும் கூட்டு மாத்திரை அதைக் குணப்படுத்தாது. அதற்குத் தரும் மருந்து காசநோயைக் குணப்படுத்தாது. இரண்டையும் பிரித்தறிவதற்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த கருவி என்று பலர் எண்ணக்கூடும். உண்மையில், கட்டியிலிருந்து சீழை எடுக்கும் அந்த ஒரு நாளில் அதை எத்தனை குப்பிகளில் பிரித்து, எந்தெந்தச் சோதனைக்கு அனுப்புகிறோம் என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது.

இந்நோயை உண்டாக்கும் கிருமி பர்க்ஹோல்டேரியா சூடோமல்லை. ஈரமண்ணிலும் தேங்கிய நன்னீரிலும் தானாகவே வாழும் கிருமி இது. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது. முதன்முதலில் இதை விவரித்தவர்கள் ரங்கூன் மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்துகொண்டிருந்த ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் ஆவர், அவர்கள் அதை வெளியிட்ட ஆண்டு 1912. அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்திலிருந்து பிழைப்புக்காகப் பர்மாவுக்குப் போய்க்கொண்டிருந்த மக்களின் தொகையை நினைத்துப் பார்த்தால், இந்த நோய் நமக்கு அவ்வளவு தொலைவானதன்று. இலங்கையில் 1927ஆம் ஆண்டிலேயே ஒரு நோயாளி பதிவானார். பிறகு நெடுங்காலம் அங்கே அந்நோய் மறக்கப்பட்டே கிடந்தது. 2006க்குப் பின்னர் ஆய்வகங்கள் கவனித்துத் தேடத் தொடங்கியதும் தீவின் பல மாவட்டங்களிலிருந்தும் நோயாளிகள் கண்டறியப்பட்டனர், அவர்களுள் நெல் விவசாயிகள் பலர். தனுஷ்கோடி முனையிலிருந்து தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் வேலூர் மருத்துவர்கள் 1990களிலேயே இந்த நோயைப் பற்றி எழுதி எச்சரித்தனர். கர்நாடகக் கடலோரத்தில் உடுப்பி, மணிப்பால் பகுதியிலிருந்து ஏராளமான நோயாளிகள் பதிவாகியுள்ளனர். 2016இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு, உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 1,65,000 பேருக்கு இந்நோய் வருவதாகவும், 89,000 பேர் இறப்பதாகவும், அந்தச் சுமையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் தெற்காசியாவில் இருப்பதாகவும் கணக்கிட்டது. தேடிய இடங்களிலெல்லாம் கிடைத்திருக்கிறது என்பதே இந்த வரலாறு நமக்குச் சொல்வது. ஆகவே அரிய நோய் என்று சொல்லும்போது, அரிதாக வருவது எவ்வளவு, அரிதாகக் கண்டறியப்படுவது எவ்வளவு என்ற ஐயம் எனக்கு எப்போதும் உண்டு.

இராமநாதபுரம் வறண்ட மாவட்டம் என்று பெயரெடுத்தது. ஆனால் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அதன் முகம் வேறு. திருவாடானை, ஆர்.எஸ். மங்கலம் பக்கங்களில் மழையை நம்பிப் புழுதியில் விதைத்த நெல், வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் முளைத்துவிடும்; களையெடுக்கவும் உரம் போடவும் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு சேற்றில் இறங்குவார்கள். கண்மாய்கள் நிரம்பும், ஊரணிகள் கலங்கும். மண்ணுக்குள் ஆழத்தில் இருக்கும் கிருமி, நீர்மட்டம் உயரும்போது மேலே வருகிறது. உலகின் பிற பகுதிகளிலும் இந்நோய் மழைக்காலத்தில்தான் கூடுகிறது. கடற்கரை என்றதும் கடல்நீர்தான் நினைவுக்கு வரும். இந்தக் கிருமியின் இருப்பிடமோ கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் வயலும் கண்மாயும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் வேறு வேலைக்குப் போகும் மீனவக் குடும்பத்தினர் பலர் அதே ஈரமண்ணில்தான் வேலை செய்கிறார்கள்.

அந்த மண்ணில் கால் வைத்த அனைவருக்கும் நோய் வருவதில்லை. வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சர்க்கரை நோயாளிகள். அதையடுத்து மிகுந்த குடிப்பழக்கம், நாள்பட்ட சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் ஆகியவை வருகின்றன. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் ஏறத்தாழ 14 சதவீதத்தினருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் தெரிவித்தது. அவர்களில் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்களும் உண்டு. கழுத்துக் கட்டியோடு வந்த ஒருவருக்கு அன்றைக்குத்தான் சர்க்கரை நோயும் தெரியவருவது அரிதன்று. குழந்தைகளின் நிலை வேறு: இந்த நோய் வரும் குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வேறு எந்த நோயும் இருப்பதில்லை.

கிருமி உடலுக்குள் நுழையும் வழிகள் மூன்று. காலிலோ கையிலோ உள்ள கீறல் வழியாக நுழைவது ஒன்று. பலத்த காற்றும் மழையுமான நேரத்தில் மூச்சோடு உள்ளே போவது மற்றொன்று. காய்ச்சாத நீரைக் குடிப்பது மூன்றாவது. கழுத்தில் வரும் நோய்க்கு இந்த மூன்றாம் வழி முக்கியமானதாகக் கருதப்படுகிறது. தாய்லாந்திலும் கம்போடியாவிலும் குழந்தைகளுக்கு வரும் மெலியாய்டோசிஸில், காதுக்குக் கீழே தாடையோரம் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியில் சீழ் பிடிப்பது மிகவும் பரவலான வடிவம். வாயிலிருந்து கிருமி சுரப்பிக்குள் ஏறியிருக்கலாம் என்பது மருத்துவர்களின் கணிப்பு. நம் பக்கத்தில் அப்படியொரு வீக்கம் வந்தால் பொன்னுக்கு வீங்கி என்று சொல்லி, கழுத்தில் தங்கச் சங்கிலியைப் போட்டு, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசிக் காத்திருப்பார்கள். பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும், ஒரு வாரம் பத்து நாளில் தானாகவே வடியும், சீழ் பிடிக்காது. ஒரே பக்கம் வீங்கி, தோல் சிவந்து பளபளத்து, தொட்டால் குழந்தை அலறி, காய்ச்சல் ஒரு வாரத்துக்கு மேலும் விடாமல் அடித்தால், அதைப் பொன்னுக்கு வீங்கி என்று விட்டுவிடக் கூடாது. அந்தச் சுரப்பியின் ஊடாகத்தான் முகத்தசைகளை இயக்கும் நரம்பு ஓடுகிறது. சீழ் அதை அழுத்தினால் வாய் ஒரு பக்கம் கோணிக்கொள்ளும், கண் மூடாமல் போகும்.

பெரியவர்களுக்குக் கழுத்து நிணநீர்க் கணுவில் வருவதும், ஆழமான கழுத்துத் தசைகளுக்கிடையே சீழ் தேங்குவதும் கூடுதல். கிருமி நுழைந்து நோய் வெளிப்படுவதற்குப் பொதுவாக ஒரு நாள் முதல் மூன்று வாரங்கள் வரை ஆகும். ஆனால் சிலரிடம் அது பல ஆண்டுகள் அடங்கிக் கிடந்து, உடல் தளரும்போது எழுகிறது. இவ்வாறு 62 ஆண்டுகள் கழித்து நோய் வெளிப்பட்ட நிகழ்வும் மருத்துவ இலக்கியத்தில் உள்ளது. ஆகவே, கடந்த மாதம் வயலில் இறங்கினீர்களா என்று மட்டும் கேட்டால் போதாது.

காசநோய்க் கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும், வலி குறைவாக இருக்கும், தொட்டால் சூடு இருக்காது. மெலியாய்டோசிஸ் சற்று விரைவாக, வலியும் காய்ச்சலுமாக வரலாம். ஆனால் மாதக்கணக்கில் மெல்ல இழுத்துச் செல்லும் வடிவமும் அதற்கு உண்டு. அப்போது எடை குறையும், மாலையில் காய்ச்சல் வரும், பசி போகும், அதாவது காசநோயின் அடையாளங்கள் எல்லாம் அப்படியே இருக்கும். கைவிரலால் தொட்டுப் பார்த்து இரண்டையும் பிரித்துவிட முடியும் என்று எந்த மருத்துவரும் உறுதி கூற முடியாது. நுண்ணோக்கியில் திசுவைப் பார்க்கும்போதும் இதே சிக்கல்தான்: மெலியாய்டோசிஸிலும் நடுவில் அழுகிய குறுமணித் திசு (கிருமியைச் சுற்றி உடலின் தற்காப்பு அணுக்கள் திரண்டு உண்டாகும் சிறு முடிச்சு) காணப்படலாம், அதைக் காசநோயைக் குறிப்பது என்று அறிக்கை எழுதுவதற்கு எல்லா நியாயமும் இருக்கும்.

இங்கேதான் குப்பிகளின் கணக்கு வருகிறது. நம் மருத்துவமனைகளில் வழக்கமாக நடப்பது இது: கட்டியில் ஊசி குத்திச் சிறிது உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் தடவிச் செல் ஆய்வுக்கு அனுப்புவார்கள், அல்லது கணுவையே அறுத்தெடுத்து, முழுவதையும் ஃபார்மலினில் போட்டுத் திசு ஆய்வுக்கு அனுப்புவார்கள். ஃபார்மலின் திசுவைக் கெடாமல் காக்கிறது. அதற்குள் இருக்கும் கிருமி அனைத்தையும் கொன்றும் விடுகிறது. கொல்லப்பட்ட கிருமியை எந்த ஆய்வகமும் வளர்த்துக் காட்ட முடியாது. முழுக் கணுவும் ஃபார்மலினுக்குள் போன அந்த நிமிடத்திலேயே மெலியாய்டோசிஸ் என்ற விடை கிடைப்பதற்கான எளிய வழி அடைபட்டுவிடுகிறது. பிறகு அறிக்கையில் குறுமணித் திசு என்று வந்தால் காசநோய் மருந்து தொடங்கப்படும்; ஆறு மாதம் ஓடும்.

செய்ய வேண்டியது, கிடைத்த சீழையும் திசுவையும் மூன்றாகப் பங்கிடுவது. ஒரு பங்கு ஃபார்மலினில், திசு ஆய்வுக்கு. ஒரு பங்கு, காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனைக்கு. மூன்றாவது பங்கு, எந்த வேதிப்பொருளும் கலக்காத, கிருமி நீக்கிய குப்பியில், பொதுவான பாக்டீரியா வளர்ப்புச் சோதனைக்கு. மருத்துவமனையில் எல்லாரும் கல்ச்சர் என்று சொல்வது இதைத்தான். திசுத் துண்டாக இருந்தால் அது காய்ந்துவிடாமல் சில சொட்டு உப்புநீர் சேர்க்கலாம். பஞ்சுக்குச்சியில் ஒற்றி எடுப்பதைவிட ஊசிக்குழலில் உறிஞ்சிய சீழே மேல். கூடுமானவரை இவை அனைத்தும் ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன்பே நடக்க வேண்டும். நான்கு நாள் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வந்த நோயாளியின் சீழில் கிருமி வளராமல் போனால், அது இல்லை என்று பொருள் கொள்ள முடியாது. அத்துடன், கழுத்தில் மட்டும் கட்டி இருந்தாலும் இரத்தத்தையும் சிறுநீரையும் தொண்டையில் ஒற்றிய குச்சியையும் வளர்ப்புச் சோதனைக்கு அனுப்புவது நல்லது. இரத்தத்தில் கிருமி இருப்பது நோயின் தீவிரத்தையே மாற்றிக் காட்டும்.

நோயாளியின் வீட்டாரும் இதில் பங்கெடுக்கலாம் என்பதால் சொல்கிறேன். கட்டியைக் கீறும் நாளில், "டாக்டர், டிபி டெஸ்ட்டோட சாதாரண கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா?" என்று பணிவாகக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை, சர்க்கரை நோய் இருப்பதையும் வயல் வேலை, கண்மாய் வேலை செய்வதையும் அவர் கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும். இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 தொடக்கத்தில் திறந்து வைக்கப்பட்டது. அதற்கு முன் மருத்துவக் கல்லூரி என்றாலே மாவட்டத்தைத் தாண்டி, சிவகங்கைக்கோ மதுரைக்கோதான் போக வேண்டியிருந்தது. இப்போது தொலைவு குறைந்திருக்கிறது. குப்பி மட்டும் சரியாகப் போய்ச் சேர வேண்டும்.

ஆய்வகத்திலும் இந்தக் கிருமி எளிதில் அடையாளம் தருவதில்லை. பாக்டீரியாக்களை இரு பெரும் வகைகளாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தில் அது கிராம் எதிர்க் கோலாக, அதாவது எதிர்வகையைச் சேர்ந்த கோல் வடிவக் கிருமியாகத் தெரியும். சில வேளைகளில் இரு முனைகளிலும் சாயம் அடர்ந்து, நடுவில் வெளிறி, மூடிய ஊக்கைப் போலத் தோற்றமளிக்கும். கிருமி வளர்க்கப் பயன்படும் சாதாரண இரத்த அகார் தட்டிலேயே ஒன்றிரண்டு நாளில் வளர்ந்துவிடும். தட்டைச் சில நாட்கள் கூடுதலாக வைத்திருந்தால், முதலில் வழவழப்பாக இருந்த வளர்ச்சி சுருக்கம் விழுந்து காணப்படும். அனுபவமில்லாத கண் இதை ஆய்வகங்களில் அடிக்கடி காணும் சூடோமோனாஸ் கிருமிகளில் ஏதோ ஒன்று என்றோ, வெளியிலிருந்து கலந்த அழுக்குக் கிருமி என்றோ ஒதுக்கிவிடும். தானியங்கிக் கருவிகளும் இதன் உறவினமான பர்க்ஹோல்டேரியா செபேசியா என்று தவறாகப் பெயரிடுவதுண்டு. ஆனால் மலிவான ஒரு துப்பு இருக்கிறது: ஆக்சிடேஸ் என்னும் நொதியைத் தேடும் சோதனையில் நேர்விடை தரும் ஒரு கிராம் எதிர்க் கோல், ஜென்டமைசின், கோலிஸ்டின் என்னும் ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காமல், அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு அடங்கினால், அது மெலியாய்டோசிஸ் கிருமியாக இருக்கக்கூடும் என்று உடனே ஐயப்பட வேண்டும். சாதாரண சூடோமோனாஸ் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். அந்த ஐயம் எழுந்த பின் லேடெக்ஸ் சோதனையாலோ பிசிஆர் சோதனையாலோ உறுதி செய்துகொள்ளலாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் சோதனை, கிருமி பரவியுள்ள பகுதிகளில் அவ்வளவாக உதவாது. நோயில்லாதவர்களிடமும் அந்த எதிர்ப்பொருள் இருக்கும்.

வளர்ப்புச் சோதனையும் முழுமையானதன்று. நோய் உள்ளவர்களில் ஏறத்தாழ 60 சதவீதத்தினரிடம்தான் அது கிருமியைக் காட்டுகிறது என்று தாய்லாந்தில் செய்யப்பட்ட கணக்கீடு சொல்கிறது. அதனால் ஒரு முறை வளரவில்லை என்றால், ஐயம் வலுவாக உள்ள நோயாளியிடம் மறுபடியும் எடுத்து அனுப்ப வேண்டும். ஆய்வகப் பணியாளரின் பாதுகாப்பும் இதோடு சேர்ந்தது: மெலியாய்டோசிஸாக இருக்கலாம் என்று படிவத்தில் எழுதி அனுப்பினால், தட்டை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்க்கும் பழைய பழக்கத்தைத் தவிர்த்து, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைத்துக் கையாள்வார்கள். அப்படி எழுதும் இரண்டு சொற்கள் நோயாளிக்கும் நன்மை. தேடுவது இன்னதென்று தெரிந்தவர்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

நோய் உறுதியானதும், கழுத்தைத் தாண்டியும் பார்க்க வேண்டும். மார்பு எக்ஸ்ரே, வயிற்று ஸ்கேன் இரண்டும் கட்டாயம். கல்லீரலிலும் மண்ணீரலிலும் சிறு சிறு சீழ்க்கட்டிகள் சத்தமில்லாமல் இருப்பதும், ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் சீழ் இருப்பதும் இந்நோயில் நன்கு அறியப்பட்டவை. கழுத்துக் கட்டி மட்டும் கண்ணில் பட்டதால் அது மட்டுமே நோய் என்று முடிவு கட்டிவிட முடியாது.

மருத்துவம் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டத்தில் செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் என்ற மருந்தை நரம்பு ஊசி வழியாக நாளுக்கு மூன்று நான்கு வேளை, குறைந்தது 10 முதல் 14 நாட்களுக்குத் தர வேண்டும். ஆழமான உறுப்புகளில் சீழ் இருந்தால் நான்கு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம். நாட்களை எண்ணுவதிலும் ஒரு நுட்பம் உண்டு: கடைசியாகச் சீழை வெளியேற்றிய நாளில் அந்தச் சீழில் கிருமி வளர்ந்திருந்தால், கணக்கு அந்த நாளிலிருந்துதான் தொடங்கும். செஃப்டாசிடிம் வருவதற்கு முன் கடும் நோயாளிகளில் நால்வரில் மூவர் இறந்தனர். 1989இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் அம்மருந்து இறப்பை 74 சதவீதத்திலிருந்து 37 சதவீதமாகப் பாதியாக்கியது. கழுத்தில் மட்டும் நின்று, இரத்தத்தில் பரவாத நோயில் இறப்பு மிகக் குறைவு. அதனாலேயே, பரவுவதற்கு முன் கண்டுபிடிப்பது அவ்வளவு மதிப்பு வாய்ந்தது. எல்லாக் காய்ச்சலுக்கும் முதலில் போடப்படும் செஃப்ட்ரியாக்சோன் ஊசி இந்த நோய்க்கு நம்பத் தகுந்ததன்று. பென்சிலினும் ஜென்டமைசினும் பயன்படா.

சீழை வெளியேற்றுவதும் மருந்தைப் போலவே அவசியம். கணுவில் உள்ள பெரிய கட்டியை ஸ்கேன் துணையோடு உறிஞ்சலாம், அல்லது கீறி வடிக்கலாம். தாடையோரச் சுரப்பியில் கீறும்போது முகநரம்பின் ஓட்டத்தையொட்டி, அனுபவமுள்ள அறுவை மருத்துவர் செய்வதே முறை. ஊருக்குள் சூடு வைத்தோ ஊசியால் குத்தியோ உடைக்க முயல்வதால் முகம் நிரந்தரமாகக் கோணிப்போகும் ஆபத்து உண்டு. சரியான மருந்து ஓடத் தொடங்கிய பிறகும் காய்ச்சல் தணிய ஒரு வாரத்துக்கு மேல் ஆவது இந்நோயின் இயல்பு. ஐந்தாம் நாளும் காய்ச்சல் அடிக்கிறதே என்று பதறி மருந்தை மாற்றுவதும், கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கூட்டிப் போவதும்தான் மிகப் பெரிய கேடு.

இரண்டாம் கட்டம் கோட்ரைமாக்ஸசோல் மாத்திரை. எடைக்கேற்ற உயர்ந்த அளவில், நாளுக்கு இரு வேளை, குறைந்தது மூன்று மாதம். எலும்பிலோ மூளையிலோ நோய் இருந்திருந்தால் ஆறு மாதம். சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாள் தரும் அதே மாத்திரைதான் என்றாலும் இங்கே அளவு கூடுதல் என்பதால், சிறுநீரகச் செயல்பாடு, பொட்டாசியம், இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றை முதல் சில வாரங்களில் அடிக்கடி பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலமும் சேர்த்துத் தருவார்கள். தோலில் தடிப்போ வாயில் புண்ணோ வந்தால் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். இந்த மாத்திரையில் உள்ள சல்ஃபா மருந்தால் வரும் ஒவ்வாமை உயிருக்கே ஆபத்தாகலாம். ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டாக்ஸிசைக்ளினோ அமாக்ஸிசிலின்–கிளாவுலனேட்டோ மாற்றாக உண்டு. கட்டி ஆறி, கழுத்து பழையபடி ஆன பிறகும் இரண்டு மாதம் மாத்திரை விழுங்கச் சொல்வது, படகுக்கும் வயலுக்கும் திரும்பிவிட்ட ஒருவருக்கு வீண்வேலையாகத் தோன்றலாம். நோய் திரும்ப வருவதற்கு முதற்காரணம் அந்த மாத்திரையை இடையில் விடுவதுதான் என்பதை வீட்டிலுள்ள இன்னொருவருக்கும் சேர்த்தே மருத்துவமனை சொல்லி அனுப்ப வேண்டும்.

ஏற்கெனவே காசநோய் மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களைப் பற்றி ஒன்று. உண்மையான காசநோய்க் கட்டியே மருந்து தொடங்கிய பின் சில காலம் பெருப்பதுண்டு. ஆகவே கட்டி வீங்கிவிட்டது என்பதற்காக யாரும் தாமாகவே மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஆனால் மரபணுச் சோதனையில் காசநோய்க் கிருமி அகப்படாமல், திசு அறிக்கையை மட்டும் நம்பி மருந்து தொடங்கப்பட்டு, இரண்டு மாதம் ஆகியும் காய்ச்சலும் சீழும் குறையாதிருந்தால், மருந்துக்கு அடங்காத காசநோய் என்று முடிவு செய்வதற்கு முன் புதிதாகச் சீழ் எடுத்துப் பொது வளர்ப்புச் சோதனைக்கும் அனுப்பியே ஆக வேண்டும். அதே சீழ், சொத்தைப் பல்லிலிருந்து தாடைக்குள் புகுந்து கல்போல் இறுகும் ஆக்டினோமைக்கோசிஸ் போன்ற வேறு அரிய தொற்றையும் காட்டிக்கொடுக்கலாம். அதற்குக் காற்றில்லாச் சூழலில் வளர்க்க வேண்டும் என்று தனியே எழுத வேண்டும்.

தடுப்பூசி இல்லை. சேற்றில் முழங்கால் வரை உயர்ந்த ரப்பர் காலணி போடுவது நம் வயல்களில் நடைமுறைக்கு ஒத்துவராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சர்க்கரை நோயாளிகள் காலில் புண் ஆறும் வரை சேற்றில் இறங்காமல் இருப்பதும், இறங்கியே ஆக வேண்டுமானால் புண்ணை நன்றாக மூடிக்கட்டுவதும், மழைக்காலத்தில் ஊரணித் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடிப்பதும் இயலக்கூடியவை. ஒருமுறை நோய் வந்து குணமானவர், தம் மருத்துவமனைச் சீட்டில் மெலியாய்டோசிஸ் என்று எழுதப்பட்ட பக்கத்தைப் பத்திரமாக வைத்திருந்து, பல ஆண்டுகள் கழித்துக் காய்ச்சலோ கட்டியோ வந்தாலும் புது மருத்துவரிடம் அதை முதலில் காட்ட வேண்டும். அவர் முதல் நாளே எழுத வேண்டிய ஊசி வேறு.